நான் போன பிறகு ஹெல்கா எங்கே இருப்பாள்

1

காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே ஹெல்கா கேட்டாள்: "நீ செத்துப்போனால் நான் இங்கே இருக்கலாமா, கூடாதா?"

இதயத்தில் ஒரு ஸ்டென்ட்டோடு நான் மருத்துவமனையிலிருந்து திரும்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. என் மனைவி ஜெர்மன்காரி. வீட்டில் நாங்கள் ஜெர்மனில்தான் பேசுவோம், அந்த மொழியில் இம்மாதிரிக் கேள்விகளுக்கு முன்னுரை வைக்கும் வழக்கம் இல்லை. தமிழும் அவளுக்கு நன்றாகவே வரும். ஆனால் என்னிடம் தமிழில் பேசினால் கோபமாக இருக்கிறாள் என்று பொருள். அப்போது மட்டும் 'நீங்கள்' போடுவாள்.

"விதி என்ன சொல்கிறது என்று பார்க்கவேண்டும்" என்றேன்.

"உனக்குத் தெரியாத விதிகூட இருக்கிறதா?"

இருந்தது. அதுதான் எனக்கு அதிர்ச்சி. டர்பைன் தொழிற்சாலைகளில் செயல்முறை ஆவணங்கள் எழுதி ஓய்வுபெற்றவன் நான். எந்த போல்ட்டை எந்த வரிசையில் இறுக்கவேண்டும், இறுக்கியதற்கு யார் கையெழுத்துப் போடவேண்டும் என்று எழுதியே வாழ்க்கை நடத்தினேன். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் அடுக்ககத்தில் எட்டு வீடுகள். பாஸ்போர்ட் புதுப்பிக்க, பிறப்புச் சான்றிதழில் எழுத்துப்பிழை திருத்த, பேரனின் விசாவுக்குக் கடிதம் எழுத, ஏழு வீட்டாரும் வருவது எட்டாவது வீட்டுக்கு. அந்த எட்டாவது வீட்டில் மட்டும் ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை.

வேலூரில் இருக்கும் என் பழைய நண்பர்கள் போன் செய்யும்போதெல்லாம் கேட்பார்கள்: "நாலு நாடு பாத்தவன் நீ. பையனை எங்க அனுப்பலாம், எந்த நாட்ல ஈஸி?" இதுவரை அவர்களுக்கு நீண்ட பதில்கள் சொல்லி வந்திருக்கிறேன். மொழித்தேர்வு, மதிப்பெண் முறை, காத்திருக்கும் மாதங்கள். அவ்வளவும் வீண் என்று அந்த இட்லித் தட்டின் முன்னால் தோன்றியது. ஒரு நாடு புதிதாக வந்தவர்களை எப்படி நடத்துகிறது என்று தெரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும். யாரை நம்பி வந்தார்களோ அவர் இறந்துவிட்டால், மிச்சமிருப்பவரை அந்த நாடு என்ன செய்யும்?

2

அந்தக் கேள்வியை வைத்துப் பழைய நாடுகளை மறுபடி நினைத்துப் பார்த்தேன்.

முதலில் சிங்கப்பூர். கல்யாணத்துக்கு முன் அங்கே நான்கு வருடம். அலுவலகத்துக்குள் போனேன், எண் வாங்கினேன், கட்டைவிரலை வைத்தேன், அட்டை வந்தது. கையில் கொண்டுபோன வார இதழில் ஒரு சிறுகதையை முடிக்கக்கூட நேரமில்லை. அப்படி ஒரு சுறுசுறுப்பை அதற்குப் பிறகு எங்கும் பார்க்கவில்லை. பிறகு எங்கள் பிரிவில் இருந்த திருச்சிக்காரர் ஒருவர் மாரடைப்பில் இறந்தார். அவர் மனைவியின் அனுமதி அட்டை அவருடைய அட்டையோடு கட்டப்பட்டிருந்தது. ஒன்று போனதும் மற்றதும் போனது. ஒரு மாதத்துக்குள் அந்த அம்மாள் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். யாரும் அவரிடம் கடுமையாகப் பேசவில்லை. அவருக்கும் எண் கொடுத்தார்கள், அந்த எண்ணும் சீக்கிரமே வந்தது.

அடுத்தது ஜெர்மனி, இருபத்து மூன்று வருடம். வெளிநாட்டினர் அலுவலகத்தின் வாசலில் பனிக்காலத்து விடியலில் வரிசை நிற்கும். உள்ளே இருப்பவர்கள் ஜெர்மன் தவிர வேறு மொழி பேச மாட்டார்கள். பேசத் தெரியும், ஆனால் பேச மாட்டார்கள். என்னிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளி இறுதிச் சான்றிதழையும் அதோடு ஒட்டியிருந்த நன்னடத்தைச் சான்றிதழையும் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அதிகாரி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார்.

"நடத்தை: நன்று என்று எழுதியிருக்கிறது. எந்த முறையில் அளந்தார்கள்?"

"தலைமையாசிரியர் பார்த்து அளந்தார்."

"எவ்வளவு காலம் பார்த்தார்?"

அவர் கேலி செய்யவில்லை. கோப்பில் எழுதிக்கொள்ளத்தான் கேட்டார். ஆறு வருடம் என்றேன், எழுதிக்கொண்டார். அந்தக் கதவு லேசில் திறக்காது. ஆனால் ஒரு தடவை திறந்துவிட்டால் கீல் துருப்பிடித்தது போலத் திறந்தபடியே நின்றுவிடும். நிரந்தர அனுமதி கிடைத்த பிறகு, ஹெல்காவே இல்லாமல் போனாலும் என்னை யாரும் போ என்று சொல்லியிருக்க முடியாது. குடியுரிமை மட்டும் நான் வாங்கவில்லை. அதற்கு இந்திய பாஸ்போர்ட்டைத் துறக்கவேண்டும். தேசப்பற்று என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான், மீதி சோம்பல்.

கம்பெனி அனுப்பி கனடாவில் மூன்று வருடம் இருந்தோம். விமான நிலைய அதிகாரி "வாருங்கள்" என்று சிரித்தபோது எனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். புதிதாக வந்தவர்களுக்கென்று வகுப்பு வைத்து, எந்தக் கிழமை எந்தக் குப்பையை வெளியே வைக்கவேண்டும் என்பதில் தொடங்கி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் சென்னைப் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். படித்த படிப்பு செல்லாது என்பதால், பத்தாம் வகுப்பு மகளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் மனைவிக்கு ஒரு விஷயத்தில் கவலை இல்லை. நிரந்தர வசிப்பு வாங்கி இறங்கிய அன்றே அந்த அம்மாளின் உரிமை அந்த அம்மாளுடையதாகிவிட்டது. புருஷன் பல் பிடுங்கினாலும் பிடுங்காவிட்டாலும், இருந்தாலும் இறந்தாலும்.

3

நான்காவது நாடு இது.

ஓய்வுபெற்றதும் வேலூருக்குப் போவதாகத்தான் திட்டம். அந்த வெயிலில் ஹெல்கா மூன்று நாள் தாக்குப்பிடித்தாள். நான்காம் நாள் ரயிலேறி பெங்களூர் வந்தோம், இங்கேயே தங்கிவிட்டோம். விமான நிலையத்தில் வரிசை தலைகீழானது. ஃபிராங்ஃபர்ட்டில் அவள் சொந்த நாட்டார் வரிசையில் நுழைந்து, மறுபக்கம் காபி குடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பாள். இங்கே காத்திருப்பது நான்.

அவள் இங்கே இருந்தது இந்தியக் குடிமகனின் மனைவி என்ற விசாவில். அதை நீட்டிக்கும் வேலை முழுவதும் என்னுடையது. ஆன்லைன் படிவம், என் உறுதிக் கடிதம், இருவரும் சேர்ந்திருக்கும் படம், வாடகை ஒப்பந்தம். நான் நிரப்புவேன், அவள் கையெழுத்துப் போடுவாள். கடவுச்சொல்லும் என்னிடம்தான் இருந்தது. வெளிநாட்டு மனைவிகளுக்கு வாழ்நாள் முழுவதும் செல்லும் அட்டை ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். அதை ஏன் வாங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். அது என் அப்பாவின் பெயர்.

கல்யாணப் பதிவின்போது ஜெர்மன் அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நான் கு. தணிகாசலம். கு என்றால் குப்புசாமி, என் அப்பா. அதைக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஹெல்கா, திருமதி குப்புசாமி. இந்திய ஆவணங்களிலோ அவள் கணவன் பெயர் தணிகாசலம். இந்த முரண்பாட்டை விளக்க உறுதிமொழிப் பத்திரம், இரண்டு நாட்டு முத்திரை, நேர்காணல் எல்லாம் வேண்டும். எதற்கு வம்பு, நீட்டிப்பே போதும் என்பேன்.

காரணம் சரியானதுதான். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. ஒவ்வொரு நீட்டிப்பின்போதும் ஹெல்கா இந்த நாட்டில் இருப்பதற்கு நான் கையெழுத்திட்ட ஒரு தாள் தேவைப்பட்டது. ஜெர்மனியில் இருபத்து மூன்று வருடம் அவளுடைய மொழியில், அவளுடைய மாமா பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தவன் நான். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

கேள்வி கேட்ட அன்று விதிகளை எடுத்துப் படித்தேன். மனைவி விசாவில் இருப்பவரைக் கணவன் இறந்ததும் அனுப்பிவிடுவார்கள் என்று எங்கும் எழுதவில்லை. இருக்கலாம் என்றும் எழுதவில்லை. விண்ணப்பிக்கலாம், பரிசீலிக்கப்படும். பரிசீலனை என்ற சொல்லை நானே எத்தனையோ ஆவணங்களில் எழுதியிருக்கிறேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

4

எங்கள் மகள் மாலினி ஹாம்பர்கில் இருக்கிறாள். அவள் தமிழில் இப்போது மிச்சமிருப்பவை மூன்று சொற்கள்: அப்பா, போதும், சாம்பார். மற்றதெல்லாம் ஜெர்மன். ஸ்டென்ட் வைத்த வாரத்திலேயே அவள் தன் வீட்டுக்குப் பக்கத்து முதியோர் குடியிருப்பில் அம்மாவின் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்துவிட்டாள்.

"அப்பா, உங்களுக்கு ஏதாவது ஆனால் அம்மா அங்கே தனியாக என்ன செய்வாள்? போலீஸ், விசா, பாஷை. இப்போதே இரண்டு பேரும் வந்துவிடுங்கள்."

"அம்மாவைக் கேட்டாயா?"

"உங்களைக் கேட்கிறேன். காகிதமெல்லாம் உங்களிடம்தானே இருக்கிறது?"

அவள் குற்றம் சொல்லவில்லை. எங்கள் வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹெல்கா போனை வாங்கினாள். "ஹாம்பர்கில் எனக்கு இரண்டு பேரைத் தெரியும். ஒன்று நீ. இன்னொருவர் உன் தெரு மருந்துக்கடைக்காரர்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, தமிழில், "அந்தக் கடவுச்சொல்லை எழுதிக் கொடுங்கள்" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன்.

வாழ்நாள் அட்டைக்கான விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். நான் ஒரு பிற்பகலில் முடித்திருப்பேன், அவளுக்கு ஆறு நாள் ஆனது. புகைப்படத்தின் அளவு பெரிது என்று இணையதளம் நான்கு முறை திருப்பியது. உதவி எண்ணை அழைத்துக் கன்னடத்தில் கேட்டாள். மறுமுனையில் இருந்தவருக்கு அவள் கேள்வியைவிட அவள் உச்சரிப்பில்தான் ஆர்வம். நான் பால்கனியில் உட்கார்ந்து செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை, "முகவரியில் பின்கோடு தனிக் கட்டத்தில் வரும்" என்றேன். "கண் இருக்கிறது" என்றாள்.

5

நேர்காணலுக்கு இருவரும் வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. இரண்டு பை தயாராயின. அவளுடையது துணிப்பை, உள்ளே அசல் ஆவணங்கள். என்னுடையது வண்ணத் தாள்களால் பிரிக்கப்பட்ட கோப்பு, முகப்பில் பொருளடக்கம்.

அதிகாரி நாற்பது வயதுப் பெண்மணி. ஹெல்காவைப் பார்த்து, "கன்னட பருத்தா மேடம்?" என்றார்.

"சொல்ப பருத்தே" என்றாள் ஹெல்கா. கொஞ்சம் வரும் என்பதை, நன்றாக வரும் என்பது போன்ற குரலில்.

"தமிழும் வரும்ல? எனக்கும் வரும், அதுலயே பேசலாம். இந்த குப்புசாமி யாரு, சார்தானா?"

"இல்ல, மாமனார்."

"மாமனார் பேரு உங்க பேரோட ஏன் இருக்கு?"

"ஜெர்மனில குடும்பப் பேரு கேட்டாங்க. இவரு அப்பா பேரக் குடுத்தாரு."

அதிகாரி என்னைப் பார்த்தார். "ஏன் சார் குடுத்தீங்க?"

"வேற பேரு கைவசம் இல்ல மேடம்."

"அப்ப உங்க பொண்ணு?"

"அவளும் குப்புசாமிதான்."

"எல்லாருக்கும் பேரு குடுத்துட்டாரு உங்க அப்பா" என்று சிரித்துக்கொண்டே உறுதிமொழிப் பத்திரத்தைப் பார்த்து டிக் அடித்தார். அட்டை வாங்காமல் இருக்க நான் இத்தனை வருடம் வைத்திருந்த காரணம் அரை நிமிடத்தில் முடிந்துபோனது.

பிறகு, அட்டை எதற்காக வேண்டும் என்ற பகுதி வந்தது. நான் தட்டச்சு செய்திருந்த தாளை எடுத்து நீட்டினேன். குடும்ப ஒருமைப்பாடு, பண்பாட்டுப் பிணைப்பு, தொடர் வசிப்பு, மூன்று பத்தி. அவர் முதல் வரியைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"இது நீங்க எழுதினது. அவங்க சொல்லட்டும்."

ஹெல்கா துணிப்பையை மடியிலிருந்து கீழே வைத்தாள்.

"இவருக்கு நெஞ்சுல கம்பி வெச்சிருக்கு. எனக்கு முன்னாடி போயிடுவாரு. போனப்புறம் நான் இங்கதான் இருக்கணும். அப்ப யாரும் என்னைப் போகச் சொல்லக்கூடாது."

பக்கத்து மேசையில் ஒரு வெளிநாட்டு மாணவன் தலையை நிமிர்த்தினான். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் குரல் புரிந்திருக்கும்.

"மகள் அங்க இருக்காங்க இல்ல மேடம்?" அதிகாரியின் குரல் தணிந்திருந்தது.

"அங்க மகள் மட்டும்தான் இருக்கா."

"இங்க யாரு இருக்காங்க?"

ஹெல்கா யோசித்தாள். "இங்க எனக்கு சண்டை போட ஆள் இருக்கு" என்றாள். "பூக்காரம்மா மஞ்சுளா முழம் கம்மியா அளப்பா. தினம் சொல்லுவேன், தினம் கம்மியா அளப்பா. எங்க பில்டிங் செக்ரட்டரி தண்ணித் தொட்டி கழுவ மாட்டேங்கறாரு. ஹாம்பர்க்ல யாரு கூடவும் சண்டை போட முடியாது. எல்லாரும் வயசானவள்னு சிரிப்பாங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. தலைகீழாக இருந்தாலும் எந்தப் படிவத்தையும் படிக்கக்கூடியவன் நான். அன்று முயற்சி செய்யவில்லை. அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க சார். உங்களுக்கு அப்புறமும் அவங்க இங்க இருக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு. கையாலயே எழுதுங்க."

அப்படி ஒரு தாள் விதியில் இல்லை. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். மூன்று நாட்டில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, 'இந்த ஆவணம் பட்டியலில் இல்லையே' என்று வாதாடியவன் நான். பேனாவைத் திறந்தேன். 'என் மறைவுக்குப் பின்' என்று தொடங்கி, இரண்டே வரி எழுதிக் கையெழுத்திட்டேன். ஹெல்கா வாங்கிப் படித்தாள். தமிழ் எழுத்துகளை அவள் மெதுவாகத்தான் படிப்பாள். படித்து முடித்ததும் தாளை மடிக்காமல் அவரிடம் கொடுத்தாள். திரும்பும்போது மெட்ரோவில், இறங்கும் இடம் வரும்வரை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

6

சில மாதங்களில் அட்டை வந்தது. அட்டை உள்ளவள் விதவையானாலும் அட்டை போகாது என்று, தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மாலினி காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிட்டதாகச் சொன்னாள். கொஞ்சம் அழுதாள். "போதும்" என்று அவளே தமிழில் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

அட்டை வருவதற்கு முன்னால், வீட்டு விசாரணைக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். அந்தக் காலையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் அதற்கு முன் வந்து நின்றுகொண்டன.

நடுவயது ஏட்டு. சோபாவின் நுனியில் உட்கார்ந்து படிவத்தை விரித்தார். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும் என்றார்.

"நான் போடலாமே?" என்றேன்.

"நீங்க வேணாம் சார். நீங்க வீட்டாளு. உங்க கையெழுத்து செல்லாது."

ஹெல்கா செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போனாள். நானும் ஏட்டும் உட்கார்ந்திருந்தோம். படிக்கட்டு வழியாக அவள் குரல் மேலே வந்தது, கன்னடத்தில். பிறகு செக்ரட்டரி நாகராஜின் குரல். அவர் ஓய்வுபெற்ற பாங்க் மானேஜர், மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாதவர். தொட்டி, டாங்கர், ஞாயிற்றுக்கிழமை என்ற சொற்கள் கேட்டன.

"சண்டையா சார்?" என்றார் ஏட்டு கவலையோடு. "இந்த நேரத்துல வேணாமே. சாட்சி சரியா சொல்லலன்னா ரிப்போர்ட் போகாது."

எனக்கும் அதுதான் பயம். அவள் இந்த நாட்டில் இருப்பது அப்போது கீழே தொட்டிப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்த ஒரு மனிதரின் கையில் இருந்தது. நான் எழுந்தேன். டாக்டர் அவசரமாகப் படி இறங்கக்கூடாது என்று சொல்லியிருந்தது நினைவு வந்து உட்கார்ந்தேன்.

முதலில் தரைத்தள வீட்டு அம்மாள் வந்து சத்தமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பின்னால் நாகராஜ் மூச்சு வாங்க வந்தார். அவருக்குப் பின்னால் ஹெல்கா, முகம் சிவந்திருந்தது.

"நோடி மேடம், பாருங்க, கையெழுத்து வேற, தொட்டி வேற. தொட்டி விஷயத்துல நான் சொன்னதுதான்."

"அத மீட்டிங்ல பாக்கலாம்."

"மீட்டிங்க நான் கூப்பிட்டாத்தான!"

"கூப்பிடலன்னா நானே நோட்டீஸ் ஒட்டுவேன்."

ஏட்டு எழுந்து நின்று படிவத்தையும் பேனாவையும் கொடுத்தார். "கையெழுத்து இங்க சார். இந்தக் கட்டத்துல, இவங்கள எவ்வளவு காலமா தெரியும்னு எழுதணும்."

நாகராஜ் பேனாவோடு நின்றார். ஐந்து வருடம் இரண்டு மாதம் என்பது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஹெல்கா என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் ஒரே சொல்லை எழுதி, கையெழுத்துப் போட்டு, படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஏட்டு அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"என்ன சார், 'தினமும்'னு எழுதியிருக்கீங்க? வருஷம் போடணும்."

"வருஷம் யாருக்கு ஞாபகம்? இவங்கள எனக்கு தினமும் தெரியும். காலைல ஏழு மணிக்குத் தெரியும், சாயங்காலம் மறுபடி தெரியும். போங்க, போட்டுக்கோங்க." சொல்லிவிட்டு நாகராஜ் கீழே இறங்கினார். பாதிப் படியில் நின்று, "ஞாயித்துக்கிழமை இல்ல, சனிக்கிழமை கழுவலாம்" என்று குரல் கொடுத்தார்.

ஏட்டு என்னிடம் படிவத்தை நீட்டினார். "நீங்களே சொல்லுங்க சார், இத அடிச்சிட்டு வருஷம் போட்டுடலாமா?"

வாங்கிப் பார்த்தேன். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. அதில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.